தியேஸ் நகரத்து இரும்புக் கை

"வாயத் தொறக்காதம்மா, உன் கால்ல விழறேன்" என்று பெந்தா காலையிலிருந்தே கெஞ்சியிருந்தாள். தாபா கேட்டால்தானே? தலைநகர் டாக்காரிலிருந்து வந்த நடுவர்கள் மூவரும் முற்றத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார்களோ இல்லையோ, அவள் மண்ணில் பாயை விரித்துத் நடுவர் தலைவரின் காலடியில் உட்கார்ந்து, அவர் குலப்பேரைச் சொல்லிப் புகழத் தொடங்கிவிட்டாள்.

"ஃபால்! ஃபால்! நீங்க பிராம் ஃபால் ஐயாதானே? உங்க தாத்தா குதிரைக்குக் கடிவாளம் செஞ்சது என் மாமனாரு. உங்க வீட்டுக் கொல்லருங்க நாங்க. உங்க சோத்துல வளந்த குடும்பம்!"

பெந்தா அம்மாவின் தோளைப் பிடித்து இழுத்தாள். பெயரை மறைத்து, எண் மட்டும் ஒட்டி நடந்த சிற்பப் போட்டி அது. படத்தைப் பார்த்தே அவள் சிற்பத்துக்கு முதலிடம் என்று முடிவாகியிருந்தது. நேரில் ஒரு தரம் பார்த்துவிட்டால் அறிவித்துவிடுவார்கள். கொல்லன் மகள் என்பது போய்ச் சிற்பி என்று பேராகும்.

"இவர்தாம்மா உன்னோடத தூக்கிப் பிடிச்சாரு" என்றாள் நடுவர் சானே, ஃபாலைக் காட்டி. "குடுக்குற கையா, கேக்குற கையா, இந்தக் கேள்விதான் இன்னிக்குக் கலைன்னு எங்களை விடவே இல்ல."

பழைய பேருந்துத் தகடுகளைப் பற்றவைத்து, ஆளுயரத்துக்கு நின்றது அந்த விரிந்த கை. ஃபால், பண்டிகை ஆட்டை விலை பேசுகிறவர் மாதிரி அதைச் சுற்றி வந்தார்.

"வேலை சுத்தம்தான். ரத்தத்துல வர்றது, இதுல இவ சாமர்த்தியம் என்ன? கலைன்னா சிந்தனை வேணும். இது பிச்சை கேக்குற கை. கொல்லன் வீட்டுல வேற எந்தக் கை இருக்கும்?"

"போன வாரம் நீங்கதானே..." என்று இழுத்தாள் சானே.

"போன வாரம் யாரு செஞ்சதுன்னு தெரியாது. கைவினையில ஒரு ஆறுதல் பரிசு போட்டுக்குங்க."

மூன்றாமவர் தலையாட்டினார். சானே தரையைப் பார்த்தாள். படித்தவர்களின் வெட்கம் அவ்வளவோடு சரி.

புகழ்ந்ததற்குப் பரிசாக ஃபால் தம் நீண்ட மேலங்கியைக் கழற்றித் தாபாவின் தோளில் போட்டார். அவளுக்கு ஆனந்தக் கண்ணீர். மதிலோரம் கூடியிருந்த அக்கம்பக்கம் கைதட்டியது. நடுவர்கள் வந்த வண்டியின் டிரைவரைக் கூப்பிட்டாள் பெந்தா.

"டிரைவரண்ணே, அந்தக் கையத் தூக்கி வண்டி மேல கட்டுங்க. ஐயாவுக்கு நான் குடுக்குற தானம்."

கைதட்டல் சட்டென்று நின்றது. உயர்குடி கொடுக்கும், கொல்லக்குடி வாங்கும். மாறி நடந்ததாக அந்த ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. கொல்லச்சியிடம் கைநீட்டியவர் என்று பேர் வந்தால், ஃபால் தம் ஆட்கள் நடுவே தலைகாட்ட முடியாது. அவர் முகம் கறுத்தது.

"பொண்ணோட வளப்பு சரியில்ல" என்றார் தாபாவைப் பார்த்து.

தாபா எழுந்தாள். அவர் போட்ட அங்கி தோளிலிருந்து நழுவாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் மகளை ஓங்கி அறைந்தாள்.

பெந்தா கன்னத்தைத் தொடக்கூட இல்லை.

"வாங்கிக்குங்க ஐயா" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி. "நீங்க கேக்காமலே குடுக்குறேன்."