நான்கு மடிப்புத் தோல்

பழுதான லிஃப்டைப் பிரித்து மாட்டுவதுதான் அவள் வேலை. அதனால் அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் லிஃப்டக்கா. இருபது வருடமாக இரும்போடு மல்லுக்கட்டிய அவள் கைகள், அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பொம்மை மாதிரி இருந்த ஒரு தையல் மிஷினுக்கு முன்னால் பரபரத்துக்கொண்டிருந்தன.

கடையில் இருந்ததிலேயே விலை குறைந்த மிஷின் அது. பெட்டியின் மேல் ஒரு பெண் திரைச்சீலை தைக்கும் படம். இவளோ தோல் தைக்க உட்கார்ந்திருந்தாள். வேலைக்குப் போன ஒரு வீட்டில் தூக்கிப்போட வைத்திருந்த சோபாவின் முதுகுத் தோலை, கேட்டு வாங்கி உரித்துக்கொண்டு வந்திருந்தாள். இடுப்பில் மாட்டிக்கொள்ள ஒரு டூல் பை தைக்க வேண்டும். கடையில் கிடைக்காதா என்றால், கிடைக்கும். ஆனால் அவள் கை தேடும் இடத்தில் ஸ்பேனர் இருக்கிற பை எந்தக் கடையிலும் இல்லை.

பெடலை மிதித்தாள். மிஷின் பாய்ந்தது. நாலே தையல். டக்! ஊசி ஒடிந்து ஒரு துண்டு பறந்துபோய்க் கணவரின் செய்தித்தாளில் பட்டது.

“கண்ணாடி போட்டிருந்தேன், பிழைச்சேன்,” என்றார் அவர், பேப்பரை இறக்காமலே.

அடுத்த ஊசி ஒடியவில்லை. ஆனால் ஒரு தையல் விழுந்தால் இரண்டு தையல் விழாமல் ஏமாற்றியது. தோலும் நகராமல், மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் மிஷினின் பாதத்தில் ஒட்டிக்கொண்டது.

சத்தம் கேட்டுக் கீழ் வீட்டிலிருந்து நாத்தனார் ஏறி வந்தாள். அவள் டெய்லர். பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

“அண்ணி! இது துணி தைக்கவே மூச்சு வாங்குமே! இதுல போயி தோலா?”

“வாங்கட்டுமே. நிறுத்தி நிறுத்தித் தைக்கிறேன்.”

“அது சரி, எந்த ஊசி போட்டிருக்கீங்க?”

“பெட்டியில இருந்ததுதான்.”

“துணி ஊசி! எப்படி இறங்கும்? இருங்க, வரேன்.”

சொல்லிவிட்டுப் படியில் தடதடவென்று இறங்கி ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் தோல் ஊசியும் கெட்டி நூலும் இருந்தன. ஊசி முனை குட்டிக் கத்தி போல இருந்தது. தையலின் நீளத்தையும் அவளே கூட்டி வைத்தாள்.

தோல் பாதத்தில் ஒட்டிக்கொள்வதற்கு மட்டும் அவளிடம் மருந்து இல்லை. லிஃப்டக்கா பாதத்தைக் கழற்றிக் கவிழ்த்து, அடியில் வழுவழுப்பான டேப்பை ஒட்டினாள். ஊசி போகும் இடத்தை மட்டும் பிளேடால் கீறி எடுத்தாள்.

“ஐயோ, இது எனக்குத் தோணவே இல்லையே!” என்றாள் நாத்தனார்.

இந்தத் தடவை தோல் வழுக்கிக்கொண்டு ஓடியது. தையல் கோடு போட்ட மாதிரி விழுந்தது. இருவருக்கும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆனால் தோலில் விழுந்த ஓட்டை விழுந்ததுதான், பிரித்துத் தைக்க முடியாது. அதனால் லிஃப்டக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினாள். நாத்தனார் கண்கொத்திப் பாம்பாக ஊசியையே பார்த்திருந்தாள்.

கடைசியில் பெல்ட் நுழையும் வளையம் வந்தது. அங்கே தோல் நான்கு மடிப்பு. பாதம் மேட்டில் ஏறி அண்ணாந்தது. மோட்டார் முனகியது. லேசாகக் கருகல் வாடை.

“காலை எடுங்க அண்ணி, காலை எடுங்க!”

எடுத்தாள். ஆனால் விடுவதாக இல்லை. “மோட்டார் முடியலேன்னா என்ன, கையால சுத்துவோம். ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க!”

நாத்தனார் மிஷின் பெட்டியிலிருந்து ஒரு துண்டு அட்டையைக் கிழித்து மடித்து, பாதத்தின் பின்பக்கம் செருகினாள். அண்ணாந்திருந்த பாதம் சமமாக அமர்ந்தது. கணவர் மிஷினின் பக்கவாட்டிலிருந்த கைச்சக்கரத்தைப் பிடித்தார்.

“மெதுவா... அண்ணா, அந்தப் பக்கம் இல்ல, அண்ணி பக்கமா சுத்து!”

பொத். ஊசி நான்கு மடிப்பையும் துளைத்து இறங்கியது. பொத். இன்னொன்று. பதினெட்டாவது தையலில் லிஃப்டக்கா நூலை வெட்டினாள்.

சுத்தியல், ஸ்பேனர், திருப்புளி எல்லாவற்றையும் பையில் திணித்து இடுப்பில் மாட்டிக்கொண்டாள். “இழு,” என்றாள். நாத்தனார் இரண்டு கையாலும் பையைப் பிடித்துத் தொங்காத குறையாக இழுத்தாள். ஒரு தையல்கூட அசையவில்லை. அண்ணியும் நாத்தனாரும் கட்டிப்பிடித்துக் குதித்ததில் ஸ்பேனர்கள் கலகலத்தன.

“நான் இன்னும் சுத்தணுமா?” என்று கேட்டார் கணவர், சக்கரத்தை விடாமல்.

மறுநாள் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில், லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்று வேலை பார்த்தாள். குனியாமல், பார்க்காமல் கையை இறக்கினாள். தேடிய ஸ்பேனர் தேடிய இடத்தில் இருந்தது. கூட வேலை செய்பவர் டார்ச்சைப் பையின் மேல் அடித்தார்.

“எந்தக் கடையில வாங்கினீங்க?”

அவளுக்கு வாயெல்லாம் பல். பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. நாத்தனார்.

“அண்ணி, மிச்சத் தோல்ல கத்தரிக்கோலுக்கு ஒரு உறை வெட்டி வச்சுட்டேன். கை சும்மா இருக்க மாட்டேங்குது. எப்ப வருவீங்க?”

லிஃப்டக்கா அன்று ஐந்து மணிக்கே வீட்டில் இருந்தாள்.