மூன்று பேர் ஜோடி

எல்லாரும் ஆரஞ்சுத் தொப்பியை மாட்டிக்கொண்டு, இனி இறங்க வேண்டியதுதான் என்ற நேரத்தில் அண்ணி வந்து நின்றாள். நீச்சல் உடைக்கு மேல் அண்ணனின் பழைய சட்டை, தோளில் துண்டு, கையில் ஆரஞ்சுத் தொப்பி. அழைக்காத வீட்டுக்கு வந்துவிட்டவர்களின் விறைப்பான சிரிப்பு முகத்தில்.

"என்ன பாப்பா அப்படிப் பாக்கற? நானும் வரேன்."

நாற்பத்தொரு வயதிலும் அண்ணிக்கு அவள் பாப்பாதான். ஆனால் அது வீட்டில். இந்தப் படித்துறையில் அவளுக்குப் பெயர் விசில். கழுத்தில் எப்போதும் தொங்கும் விசிலை வைத்து ஞாயிற்றுக்கிழமை நீச்சல் கூட்டம் வைத்த பெயர் அது. கூட்டத்தை ஆரம்பித்ததும் அவள்தான். பம்ப் ஹவுஸ் படித்துறையிலிருந்து படகுத்துறை வரை இரண்டு கிலோமீட்டர், எல்லாரும் சேர்ந்து ஆற்றோடு நீந்திப் போவது என்று திட்டம் போட்டதும் அவள்தான். மூன்று மாதமாகக் கரையோரம் நடந்து, எங்கே ஆழம், எங்கே இழுப்பு, எங்கே முள் என்று குறித்து வைத்திருந்தாள். நேற்று மாலைகூட அணைக்கட்டு அலுவலகத்துக்கு இரண்டு முறை போன் செய்து, தண்ணீர் திறக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டாள்.

"அண்ணி, இது படித்துறையில நீந்துற மாதிரி இல்ல."

"எட்டு மாசமா இந்தப் படித்துறையிலதான் ஒரு கிலோமீட்டர் நீந்திட்டு இருக்கேன். நீதானே எண்ணின? ஊரெல்லாம் கூட்டிட்டுப் போற, அண்ணி மட்டும் கரையில துண்டு பிடிச்சுட்டு நிக்கணுமா?"

கூட்டம் சிரித்தது. மறுக்கக் காரணம் இல்லை. அண்ணி மெதுவாக நீந்துவாள், ஆனால் நீந்துவாள்.

பதினாறு பேர் எட்டு ஜோடிகளாகப் பிரிந்திருந்தார்கள். ஜோடிதான் அவளுடைய விதி. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் ஜோடி இருக்க வேண்டும். பத்துக் கைவீச்சுக்கு ஒரு தரம் ஒருவர் மற்றவரைப் பார்க்க வேண்டும். எண்ணும் இடத்தில் இருவரும் கைகோத்துத் தூக்கிக் காட்ட வேண்டும். அவள் வேலை பார்ப்பது பள்ளிக்கூட ஆய்வகத்தில். வகுப்பு முடிந்ததும் கண்ணாடிக் குடுவைகளை இரண்டிரண்டாக நகர்த்தித்தான் எண்ணுவாள்; வேகமாக முடியும், தவறாது. ஆட்களையும் அப்படியே எண்ணப் பழகியிருந்தாள்.

ஜோடி இல்லாதவள் அவள் ஒருத்திதான். நடத்துகிறவள் முன்னும் பின்னும் போய்வர வேண்டும் என்று அவளே எழுதிக்கொண்ட விதி. அந்த விதியைக் கொஞ்சம் தளர்த்தி, "வாங்க அண்ணி, நீங்க என்கூட" என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டிய இடம் அதுதான் என்று அவளுக்குத் தெரியும். நாக்கு நுனிவரை வந்தது.

"மூணாவது ஜோடியோட போங்க அண்ணி" என்றாள். "டீச்சரும் தையலக்காவும் நிதானமாத்தான் போவாங்க."

டியூஷன் டீச்சர் நீச்சல் கண்ணாடி மாட்டியபடியே தலையாட்டினாள். தையல்கடை அக்கா, "வாங்க வாங்க, மூணு பேர் ஜோடி! வீட்டுல தெரிஞ்சா வம்பாயிடும்" என்றாள். மறுபடி சிரிப்பு. அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. நாத்தனாரை ஒரு கணம் பார்த்துவிட்டுத் துண்டைப் படகில் போட்டாள்.

படகில் இருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். கூட்டத்தோடு துடுப்புப் போட்டு வருவது அவர் வேலை. போன்கள் இருந்த பையும் தண்ணீர் பாட்டில்களும் அவரிடம்தான்.

விசில் ஊதியதும் எல்லாரும் இறங்கினார்கள்.

முதல் ஐந்நூறு மீட்டர் அவள் நினைத்தபடியே போனது. தண்ணீர் இளங்குளிரில் தோளைத் தழுவி நகர்ந்தது. முகத்தை உள்ளே வைத்தால் பச்சை. வெளியே எடுத்தால் மூச்சு. அந்த இரண்டைத் தவிர உலகத்தில் வேறொன்றும் இல்லாத நேரம். இதற்காகத்தான் வாரம் முழுவதும் காத்திருப்பாள். திருமணம் முறிந்து அண்ணன் வீட்டு மாடியறைக்கு வந்து பன்னிரண்டு வருடமாகிறது. யாரும் ஒரு சொல் கடுமையாகச் சொன்னதில்லை. ஆனால் கீழிருந்து குரல் வந்துகொண்டே இருக்கும். பாப்பா, பால் பொங்குது பாரு. பாப்பா, வாசல்ல யாரு? பாப்பா, இத எடுத்து வை. ஒவ்வொரு குரலுக்கும் அவள் எழுந்து போவாள். இடம் கொடுத்தவர்கள் கூப்பிட்டால் எப்படிப் போகாமல் இருப்பது? குரல் எட்டாத ஒரே இடம் தண்ணீர்தான். அதற்குள்ளும் அண்ணி இறங்கியபோது மகிழ வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மகிழ்ச்சி வரவில்லை.

ரயில் பாலம் நெருங்கியது. மூன்றாவது தூணுக்கு வலப்பக்கமாகப் போக வேண்டும். இடப்பக்கம் தண்ணீர் சுழித்து இழுக்கும். படித்துறையிலேயே மூன்று தரம் சொல்லியிருந்தாள். படகும் மற்ற ஜோடிகளும் முன்னால் போய்விட்டன; கடைசியில் வந்தது நிதானமான மூன்றாவது ஜோடிதான். அவள் பாலத்தைக் கடந்து, பின்னால் வருகிறவர்களுக்குக் கை காட்டிவிட்டு நகர்ந்தபோது அந்தக் குரல் வந்தது.

"பாப்பா!"

அவள் கை நின்றது. மேலே ஒரு ரயில் ஏறிக்கொண்டிருந்தது. பாலம் முழுவதும் தடதடத்தது. அந்த இரைச்சலுக்குள்ளும் குரல் தெளிவாகவே கேட்டது. அவசரக் குரலா? அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளத் திரும்பவில்லை என்பதுதான் சரி. பக்கத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள், என்ன வேண்டுமோ அவர்களிடம் கேட்கட்டும். கண்ணாடியில் தண்ணீர் புகுந்திருக்கும். இங்கேயுமா? முகத்தை உள்ளே வைத்தாள். பச்சை. அடுத்த வீச்சு.

பாலத்துக்கு முந்நூறு மீட்டர் கீழே, ஆற்றின் நடுவில் மணல்திட்டு. பாதி வழி அது. அங்கே நின்று எண்ணிவிட்டு மீதியை நீந்துவதாக ஏற்பாடு. எல்லாரும் மூச்சிரைக்க ஏறினார்கள். அவள் உரக்கக் கூப்பிட்டாள்.

"ஒண்ணு!"

கோத்த கைகள் உயர்ந்தன.

"ரெண்டு! மூணு!"

டீச்சரும் தையலக்காவும் கைகோத்துத் தூக்கினார்கள், வழக்கம்போல. அவள் நாலு என்றாள். எட்டு வரை போனாள். எட்டும் சரி. எண்ணி முடித்த நிம்மதியில் விசிலை வாயில் வைத்தாள்.

"இரும்மா" என்றார் டிரைவர். படகைத் திட்டில் முட்ட வைத்துப் பாட்டில்களை நீட்டிக்கொண்டிருந்தவர், கடைசிப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். "பதினெட்டு எடுத்துட்டு வந்தேன், எனக்கும் சேர்த்து. உங்க அண்ணி வந்ததால என்னோடது அவங்களுக்குப் போயிருக்கணும். இது இன்னும் என் கையிலயே இருக்கே?"

எல்லாரும் அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணி எங்க?" என்றாள் அவள்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினாள். "உங்ககூட இல்லையா?"

"உங்க ஜோடியிலதானே விட்டேன்!"

"பாலத்துக்கிட்ட உங்களக் கூப்பிட்டாங்க. நீங்களும் ஒரு நிமிஷம் நின்னீங்க. சரி, நாத்தனார் பாத்துப்பாங்கன்னு நாங்க முன்னால வந்துட்டோம்."

"நான் டீச்சர் பாக்கறாங்கன்னு நினைச்சேன்" என்றாள் தையலக்கா. "டீச்சர் பக்கத்துலயே இருந்தாங்க, அதனால நான் வேற யாரையும் பாக்கல."

பத்து வீச்சுக்கு ஒரு தரம் இருவரும் விதிப்படி ஒருவரையொருவர் பார்த்திருக்கிறார்கள். மூன்றாமவளை யார் பார்க்க வேண்டும் என்று விதியில் இல்லை. அவள் எழுதவில்லை.

அவள் வாய் தன்பாட்டில் வேலை செய்தது. "டீச்சர், தீயணைப்புக்குப் போன் போடுங்க. ரயில் பாலம்னு சொல்லுங்க. யாரும் தண்ணியில இறங்கக் கூடாது. தலை தலையா எண்ணிட்டே இருங்க. சார், கரையோரமா படகை மேல கொண்டு வாங்க. என்னை மட்டும் முதல்ல அந்தக் கரையில விடுங்க."

எதிர்நீச்சல் போட்டால் பாதி வழியிலேயே சோர்ந்துவிடுவோம் என்று தெரியும். கரையில் குதித்து ஓடினாள். வெறுங்கால். நாணல் கிழித்தது, முள் ஏறியது; எதுவும் காலில் நடக்கிற மாதிரி இல்லை, வேறு யாருக்கோ நடந்தது. கூப்பிட்டு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பத்து நிமிடம். பன்னிரண்டு. பத்து நிமிடத்தில் ஒரு மனுஷி என்னவெல்லாம் ஆகலாம் என்று மனம் கணக்குப் போட்டது. அதை நிறுத்த முடியவில்லை. அண்ணனிடம் என்ன சொல்வது என்றுகூட ஓடியது. அதற்குப் பதிலும் தயாராக இருந்தது. ரயில் சத்தம், கேட்கவில்லை. அண்ணி கிடைப்பதற்கு முன்னாலேயே பொய் கிடைத்துவிட்டது என்பதை உணர்ந்தபோது ஓடிக்கொண்டே ஒரு முறை வாய்விட்டு, "சீ" என்றாள்.

பாலத்தடியில் ஆரஞ்சு நிறம் தெரிந்தது.

மூன்றாவது தூணின் இடப்பக்கம். பராமரிப்புக்காரர்கள் ஏறி இறங்கத் தூணில் பதித்த இரும்புப் படிகளில் ஒன்றை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு அண்ணி கிடந்தாள். தொப்பி அசைந்தது. அசைவது அவளா, தண்ணீரா?

அவள் இன்னும் நூறடி மேலே ஓடி, அங்கிருந்து இறங்கினாள். நேராக நீந்தினால் தூணைத் தாண்டி அடித்துப் போய்விடும். சாய்வாக, இழுப்போடு வந்து பிடிக்க வேண்டும். ஒரே வாய்ப்பு. தூண் விரைந்து பெரிதாகிக்கொண்டே வந்தது. தோள் கல்லில் மோதியது. விரல்கள் பாசியில் வழுக்கின, மறுபடி வழுக்கின, பிறகு இரும்பைப் பிடித்தன.

"அண்ணி!"

அண்ணியின் உதடு நீலம் பாரித்திருந்தது. பற்கள் கிடுகிடுத்தன. "கத்தாத" என்றாள். "கால் கல்லாட்டம் ஆயிடுச்சு. அதப் பிடி."

அவள் ஒரு கையால் இரும்பைப் பிடித்து, மறு கையால் தண்ணீருக்குள் அண்ணியின் கெண்டைக்காலைத் தேடினாள். முடிச்சாக இறுகிக் கிடந்தது. பாதத்தை மேல்நோக்கி வளைத்தாள். அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு அவள் தோளில் நகம் பதித்தாள். தண்ணீர் இருவரையும் சேர்த்துத் தூணிலிருந்து பிய்க்கப் பார்த்தது. அவள் தன் உடம்பை அண்ணிக்கு மேல்பக்கமாக வைத்து இழுப்பை வாங்கிக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அண்ணியை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை என்று தோன்றியது. கண்ணோரத்தில் ஒரு சின்ன மச்சம். அது எப்போதும் அங்கேதான் இருந்திருக்கும்.

டிரைவர் வந்து சேர ஏழெட்டு நிமிடம் ஆனது. கயிறு போட்டு, இழுத்து, அண்ணியைக் கவிழ்ந்தபடியே படகில் ஏற்றினார்கள். அண்ணி துண்டுக்குள் சுருண்டு உட்கார்ந்து வெகுநேரம் நடுங்கினாள். படகு ஆற்றோடு கீழே நகர்ந்தது.

"உனக்குக் கேட்டுதா?" என்றாள் அண்ணி.

ரயில் சத்தம் என்ற இரண்டே வார்த்தை போதும். யாரும் மறுக்க முடியாது. ரயில் உண்மையிலேயே போனது.

"கேட்டுது" என்றாள் அவள்.

துடுப்பு ஒரு கணம் நின்று மறுபடி விழுந்தது. டிரைவர் தூரத்துக் கரையைப் பார்த்தார்.

"தெரியும்" என்றாள் அண்ணி. "உன் கை நின்னுது. நான் பாத்தேன். சரி, இதோ திரும்பிடுவான்னு நினைச்சேன். அப்புறம் கை மறுபடி போக ஆரம்பிச்சுது."

"அண்ணி..."

"இப்ப எதுவும் சொல்லாத. குளிருது."

மணல்திட்டில் எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள். அண்ணி படகிலிருந்து இறங்கியதும் தையலக்கா ஓடிவந்து கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். டீச்சர், தீயணைப்புக்காரர்களுக்கு மறுபடி போன் போட்டு ஆள் கிடைத்துவிட்டதைச் சொல்லிவிட்டு, "எங்க மேலதான் தப்பு, விசில். நாங்க திரும்பிப் பாத்திருக்கணும்" என்றாள்.

"இல்ல டீச்சர்." அவள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "மூணு பேர ஜோடின்னு விட்டது நான். அண்ணி என்கூடதான் வந்திருக்கணும். அப்புறம், அவங்க கூப்பிட்டது எனக்குக் கேட்டுது. நான் திரும்பல. மீதி நீச்சல் வேணாம். படகுல ஏறி எல்லாரும் கரைக்குப் போயிடலாம்."

மூன்று மாதம் காத்திருந்தவர்கள், ஒருவர்கூட மீதி ஒரு கிலோமீட்டரைக் கேட்கவில்லை. சிலர் அவளைப் பார்த்தார்கள். சிலர் பார்க்காமல் இருக்க மணலைப் பார்த்தார்கள். அவள் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி டீச்சரிடம் நீட்டினாள். டீச்சர் தயங்கி, வாங்கிக்கொண்டாள்.

மூன்று நான்கு பேராகப் படகு கரைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தது. கடைசி நடைக்கு அவளும், கால் மரப்பு விடட்டும் என்று உட்கார்ந்துவிட்ட அண்ணியும், துணைக்குத் தையலக்காவும் மிச்சம். அண்ணியின் உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. காலை நீட்டித் தேய்த்துக்கொண்டே தையலக்காவிடம் கேட்டாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை படித்துறைக்கு வருவியா?"

"நீங்க வருவீங்களா? இவ்வளவு ஆனப்புறமுமா?"

"வராம? இன்னிக்கு விட்டா அப்புறம் ஜென்மத்துக்கும் இறங்கமாட்டேன். எனக்கு ஒரு ஜோடி வேணும்."

"நான் வரேன் அண்ணி" என்றாள் அவள். "நான் உங்க பக்கத்துலயே வரேன்."

அண்ணி அவளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் தாங்கிக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"நீ வேணாம்" என்றாள் அண்ணி. "உன்கூட வந்தா நான் ஆத்தப் பாக்கமாட்டேன். நீ திரும்புறியா இல்லையான்னு உன்னையேதான் பாத்துட்டு இருப்பேன்."

படகு திட்டை நெருங்கி வந்துகொண்டிருந்தது. அண்ணி தையலக்காவின் தோளைப் பற்றி எழுந்தாள்.