வடாலா வரைக்கும்

"ஏட்டி, ஒரு நாளாச்சும் ஜன்னல் பக்கம் உக்காரேன்."

"அது நூர் நிஷா சீட்டுங்க. அவ வாஷி ஸ்டேஷன்லயே ஏறி வாறா. எப்பிடிக் கேக்க?"

"வாயாலதான். இருவது வருசமா நான் ஆட்டுற கை பூரா அவளுக்குல்லா போவுது! அவ மாப்பிள்ளை என்னையத் தேடி வரப்போறான்."

"வரட்டும். ஆளுக்கொரு கட்டிங் சாயா குடிங்க."

செம்பூர் ஸ்டேஷன் பாலத்தில் இறங்கும்போது இப்படிப் பேசிச் சிரித்தது மே மாதத்தில். ஜூனில் ஒரு காலை, நெஞ்சு வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்த மாரிசெல்வம் எழுந்திருக்கவே இல்லை.

காரியமெல்லாம் முடிந்து, அவர் மனைவி பிரேமலதா மறுபடி அதே எட்டு பன்னிரண்டு லோக்கல் ரயிலில் ஏறினாள். ஜெனரல் பெட்டியில் ஏறிவந்த அவர் வடாலாவில் இறங்கி, லேத் பட்டறைக்குப் போகிற வழியில் லேடீஸ் டப்பாவைக் கடந்துதான் படிக்கட்டுக்குப் போவார். ஜன்னல் கம்பியில் இரண்டு தட்டு; பிறகு கையாட்டல். குர்லாவில் சிலர் இறங்கியதும் பிரேமலதாவுக்குக் கிடைப்பது நாலாவது சீட். மூன்று பேர் பெஞ்சின் ஓரத்தில் பாதி இடுப்பை வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அங்கிருந்து பார்த்தால் தலைகளுக்கு நடுவே அவருடைய கைக்கடிகாரம் தெரியும். சில நாள் ஒரு காது. நூர் நிஷா தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டால் பாதி முகம்.

எங்கே இறங்குவாய் என்று கேட்டுவைத்து, எழுந்தவளின் இடத்தை வாங்கிக்கொள்ளலாம். உட்கார்ந்திருப்பவளிடம் ஜன்னலைக் கேட்கிற வழக்கம் அந்த டப்பாவில் கிடையாது. நூர் நிஷா இறங்குவதோ, இவளைப் போலவே மஸ்ஜித் ஸ்டேஷனில்.

முதல் நாள் எல்லோரும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். பக்கத்து சீட் வந்தனா அவள் டிபன் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "சாப்டீங்களாக்கா?" என்று மட்டும் கேட்டாள் நூர் நிஷா. வடாலா வந்தது. வண்டி நின்றதும் நூர் நிஷாவின் தலை தானாகவே பின்னால் சாய்ந்தது.

அந்த இடைவெளியில் நனைந்த தூண் ஒன்று தெரிந்தது. யாருடைய குடையோ போனது. நூர் நிஷாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தலையை மெல்ல முன்னால் கொண்டுவந்து, அணைந்திருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பி, ஈரப் புடவையை மாற்றாமலேயே அந்த நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள் பிரேமலதா. நகை வேண்டும், ஊரில் இடம் வேண்டும் என்று அவளிடம் அவர் எதையும் கேட்டதில்லை. இருபது வருடத்தில் கேட்டது ஜன்னல் பக்கம் உட்காரச் சொன்ன இது ஒன்றுதான். ஒரு மூச்சில் முடிகிற பேச்சு. கூச்சப்பட்டுக் கூச்சப்பட்டு நூர் நிஷாவிடம் அதைக் கேட்காமலேயே இருந்துவிட்டாள். இனிமேல் கேட்டால், யாரைப் பார்க்க என்று டப்பாவே நினைக்காதா?

மறுநாள் வண்டியில் சுன்னாபட்டி ஸ்டேஷன் போனது. ஜி.டி.பி. நகரும் போனது. வந்தனா யாருடைய மாமியாரையோ சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள். பிரேமலதா சிரிப்பில் சேராமல் ஜன்னலையே பார்த்தாள். வண்டி வேகம் குறைந்தது. மழைத்துளிகள் ஜன்னல் கம்பியில் வரிசையாக வந்து நின்று, ஒவ்வொன்றாக விழுந்தன.

"நூர் நிஷா."

"என்னக்கா?"

"அந்த ஜன்னல் பக்கம் நான் கொஞ்சம் உக்காந்துக்கிடட்டுமா? வடாலா வரைக்கும் போதும்."