ரூபம் தொடாத மவுஸ்

ரூபம் குமாரியின் வாயைத் தைத்துவிட வேண்டும் என்று தோன்றாத நாளே அந்தப் பதினோரு மாதத்தில் எனக்குக் கிடையாது. பாட்னாவில், முசல்லாபூர் சந்தைக்குப் பின்னால் ஒரு பெண்கள் லாட்ஜில் நாங்கள் இருவரும் ஒரே அறை. இரண்டு கட்டில் போட்ட பிறகு கதவு பாதிதான் திறக்கும். அந்தப் பாதிக் கதவு வழியாக அவள் உள்ளே வருவதற்கு முன்பே அவள் குரல் வந்துவிடும்.

"கண்ட்ரோல் இ, நடுவுல வை. கண்ட்ரோல் பி, தடிமனாக்கு. எஃப் செவன், எழுத்துப் பிழை பாரு."

ரொட்டி தேய்க்கும்போதும் இதே பாட்டு, துணி அலசும்போதும் இதே பாட்டு. போட்டித் தேர்வுகளின் கம்ப்யூட்டர் பகுதிக்காக விற்கும் வினா வங்கி ஒன்றை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். ககரியா பக்கம் ஒரு கிராமத்துப் பெண். அதுவரை நிஜக் கம்ப்யூட்டரைத் தொட்டதுகூட இல்லை. பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் கீபோர்டு வரைந்து, அதில் விரலால் தட்டிப் பழகினாள்.

"அட்டையைத் தட்டி என்னடி வரும்? கிளியாட்டம் ஒப்பிச்சுக்கிட்டு!" என்பேன்.

"பரவால்ல தீதி, கிளிக்கும் மார்க்கு போடுவாங்க" என்று சிரிப்பாள். ஐந்து வயது மூத்தவள் என்பதால் நான் அவளுக்கு தீதி, அதாவது அக்கா. திட்டினாலும் கோபப்படாதவளோடு எத்தனை நாள்தான் சண்டை போடுவது?

எனக்குத் தர்க்கம்தான் உசிர். "எட்டுப் பேர் வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், நான்கு பேர் வெளியே பார்க்கிறார்கள்" என்று ஒரு கணக்கு வந்தால் லாட்ஜே என்னைத் தேடி வரும். மொட்டை மாடியில் ஒரு வாளியைக் கவிழ்த்து, எட்டுப் பெண்களைச் சுற்றிலும் உட்கார வைத்து, பாதிப் பேரை முதுகைக் காட்டச் சொல்லி விளக்குவேன். விபா தீதியிடம் கேட்டால் விடை வந்துவிடும் என்று ஒரு பேர் எனக்கு இருந்தது. அந்தத் திமிரில்தான் கம்ப்யூட்டர் பகுதியை நான் மதிக்கவே இல்லை. யோசிக்க ஒன்றுமில்லாத பாடம் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

பேர் இருந்ததே தவிர வேலை இல்லை. எனக்கு இருபத்தொன்பது முடிந்துவிட்டது. மாநில அரசு அலுவலக உதவியாளர் தேர்வுக்கு வயது வரம்பு முப்பது. இதை விட்டால் அடுத்த அறிவிப்பு வருவதற்குள் நான் வரம்பைத் தாண்டிவிடுவேன். எட்டு வருடமாக நான் 'தயாராகிக்கொண்டு' இருந்தேன். எங்கள் ஊரான ரோசடாவில் பாபுஜி தினமும் காலையில் சைக்கிளில் போய் டீ குடிப்பார். "என்ன மாஸ்டர், பொண்ணு என்ன பண்றா?" என்று டீக்கடைக்காரர் கேட்பார். "தயாராயிட்டு இருக்கா" என்பார் பாபுஜி. கேள்வி பொறுக்காமல் எட்டு வருடத்தில் இரண்டு டீக்கடையை விட்டு மூன்றாவதுக்குப் போய்விட்டார் என் அப்பா. அதை அம்மா போனில் சொன்ன அன்று எனக்கு ரொட்டி இறங்கவில்லை.

இரண்டு எழுத்துத் தேர்வுகளிலும் நானும் ரூபமும் தேறினோம். மிச்சம் இருந்தது கம்ப்யூட்டர் செயல்முறைத் தேர்வு மட்டும். பதினைந்து நிமிடம். ஒரு பக்கம் தட்டச்சு, அதற்கு ஒரு தலைப்பு, கீழே ஒரு அட்டவணை, பிறகு பதிவு எண்ணைப் பெயராக வைத்துச் சேமிக்க வேண்டும். இதில் தவறினால் மற்ற மதிப்பெண்கள் எல்லாம் வீண்.

ஒரு மாதம் டைப்பிங் கடைக்குப் போனோம். முன்வரிசைக் கம்ப்யூட்டர்களுக்கு எப்போதும் கூட்டம். நான் வரிசையில் நின்று, மவுஸைப் பிடித்து, ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பழகினேன். கடைசியில் ஒரு ஓட்டைக் கம்ப்யூட்டர் கிடந்தது. அதற்கு மவுஸே இல்லை, யாரும் சீந்த மாட்டார்கள். ரூபம் முதல் நாளே போய் அதில் உட்கார்ந்துவிட்டாள்.

"மவுஸ் இல்லாம என்னத்தடி கிழிப்ப?"

"கையில பிடிச்சா அது எங்கயோ ஓடுது தீதி. எனக்கு இதுதான் தோது. வழி தெரியலன்னா ஆல்ட் அமுக்கு, பொத்தான் மேல எல்லாம் எழுத்து முளைக்கும். அப்புறம் அதைப் பார்த்து தட்ட வேண்டியதுதான்."

தேர்வு நாளன்று ஒரே கடையில் ஒரே நாளில் விண்ணப்பித்த எங்களுக்கு ஒரே வரிசை கிடைத்தது. எட்டு நாற்காலி. நான் மூன்றாவது, அவள் ஆறாவது. மேசையில் எல்லாம் வயரில்லாத புது மவுஸ்கள், ஒவ்வொன்றும் ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டுமே கட்டுப்படும். பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள். துடைத்தவர் எட்டையும் ஒரே கூடையில் அள்ளிப்போட்டுத் துடைத்துவிட்டு, கைக்கு வந்ததை வந்த மேசையில் வைத்துவிட்டார் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

மணி அடித்தது. ஆறு நிமிடத்தில் பக்கத்தைத் தட்டச்சு செய்தேன். தலைப்பை நடுவில் வைக்க மவுஸைப் பிடித்தேன். அம்புக்குறி அசையவில்லை. தட்டினேன், உதறினேன், ஊதிக்கூடப் பார்த்தேன். அதற்குள் பக்கத்துப் பெண் அலறினாள்.

"சார், என் அம்பு தானா ஓடுது!"

"எனக்கும் சார்! நான் ஒரு பக்கம் இழுத்தா அது வேற பக்கம் போகுது!"

கண்காணிப்பாளர் ஓடி வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் பதறிவிட்டார். ஒன்றாவது மவுஸை ஐந்துக்கு மாற்றினார், ஐந்தை இரண்டுக்கு. குழப்பம் இன்னும் கூடியது. "நேரம் கூட்டித் தர முடியாதும்மா, கம்ப்யூட்டர் தானா மூடிக்கும்" என்று அவரே அழுகிற குரலில் சொன்னார்.

பாபுஜி நான்காவது டீக்கடை தேடுவது கண்ணில் வந்தது. எட்டு நிமிடம் போய்விட்டது. இவ்வளவு அமளியிலும் ஒரு கீபோர்டு மட்டும் படபடவென்று ஓடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். ரூபம்! இரண்டு கையும் கீபோர்டில், கண் திரையில். அவளுடைய மவுஸ் வைத்த இடத்தில் வைத்தபடி கிடந்தது.

அப்போதுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. எட்டு மவுஸ், எட்டு அம்பு, இடம் மாறிப் போயிருக்கின்றன. ஏழு பேர் மவுஸைப் பிடித்து ஆட்டுகிறோம், அதனால் மற்றவர்களின் அம்புகள் கூத்தாடுகின்றன. என் அம்பு மட்டும் இத்தனை நேரமாக ஒரு துளி அசையவில்லை. அப்படியென்றால் என் மவுஸ் யாருமே தொடாத மவுஸ். இந்த வரிசையில் மவுஸைத் தொடாதவள் ஒருத்திதான்.

கையைத் தூக்கினேன். "சார், என் மவுஸ் ஆறாவது மேசையில இருக்கு."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"அந்தப் பொண்ணு மவுஸைத் தொடவே மாட்டா சார். என் அம்பும் அசையவே இல்ல. எடுத்துக் குடுங்க, சொல்றேன்."

அவர் நம்பாமல்தான் எடுத்து வந்தார். கை வைத்தேன். அம்பு துள்ளிக்கொண்டு ஓடியது! எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அடக்கிக்கொண்டு மற்றவர்களுக்கும் வழி சொன்னேன். "எல்லாரையும் கையை எடுக்கச் சொல்லுங்க சார். ஒவ்வொருத்தரா ஆட்டட்டும். யார் அம்பு நகருதோ அந்த மவுஸ் அவங்களோடது."

"எல்லாரும் கையை எடுங்க!" என்று அவர் அதட்டினார். ஒரு நிமிடத்தில் வரிசை முழுக்க அவரவர் மவுஸ் அவரவர் கைக்கு வந்துவிட்டது.

அட்டவணையைப் போட்டேன், கட்டங்களை நிரப்பினேன். நிமிர்ந்தால் இருபது நொடி மிச்சம். தலைப்பு இன்னும் ஓரத்தில் கிடக்கிறது, கோப்பைச் சேமிக்கவும் இல்லை. பொத்தான் தேடிப் போனால் நேரம் போதாது. அந்த நொடியில், பதினோரு மாதமாக நான் வாயை மூடச் சொன்ன அந்தக் குரல் காதுக்குள் ரொட்டி தேய்த்தது. கண்ட்ரோல் ஹோம், மேலே போ. கண்ட்ரோல் இ, நடுவில் வை. கண்ட்ரோல் பி என்றதும் விட்டுவிட்டேன், தலைப்பைத் தேர்ந்தெடுக்க நேரமில்லை. கண்ட்ரோல் எஸ். பதிவு எண்ணைத் தட்டினேன். எண்டர். திரை கறுத்தது.

வெளியே வேப்பமரத்தடியில் ரூபம் சுட்ட மாவுருண்டை, லிட்டி, தின்றுகொண்டிருந்தாள். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன்.

"என்ன தீதி, என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? வரிசையே ரெண்டுபட்டுதே, உனக்குத் தெரியாது?"

"ஏதோ சத்தம் கேட்டுச்சு. நடுவுல ஒருக்கா எழுதிட்டிருந்த இடம் தானா மாறிப் போச்சு. பேய் போலன்னு கண்ட்ரோல் எண்ட் போட்டுத் திரும்பி வந்துட்டேன்."

அந்தப் பேய் நான்தான். என் மேசையில் இருந்தது அவள் கம்ப்யூட்டரின் மவுஸ்; அதை நான் தட்டியதில் அவள் திரை குதித்திருக்கிறது. சொன்னபோது புரையேறச் சிரித்தாள்.

ஏழு வாரம் கழித்து முடிவு வந்தது. பட்டியலில் அவள் பெயரும் இருந்தது, என் பெயரும் இருந்தது. எங்கள் வரிசையில் எட்டுப் பேருமே தேறியிருந்தோம். லாட்ஜ் மாடியில் அதே வாளியைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் தட்டினார்கள். நான் அழுதுகொண்டே பாபுஜிக்குப் போன் செய்தேன்.

"போனை வைக்காத" என்றார். சைக்கிள் ஸ்டாண்டைத் தள்ளும் சத்தம் கேட்டது. பிறகு மணியடித்துக்கொண்டே போகிற சத்தம்.

"பாபுஜி, எங்க போறீங்க?"

"சும்மா இரு."

"மாஸ்டர், டீ!" என்று ஒரு குரல் பின்னால் போனது, மூன்றாவது கடையைத் தாண்டிவிட்டார். இரண்டாவதையும் தாண்டினார். சைக்கிள் நின்றது. கண்ணாடி டம்ளர்கள் உரசும் சத்தத்துக்கு நடுவே எட்டு வருடத்துக்கு முந்தைய அந்த முதல் கடைக்காரரின் குரல் கேட்டது.

"அட, மாஸ்டரா! வழி தெரிஞ்சுதா இன்னைக்கு?"

"ராம்சாகர்," என்றார் என் அப்பா, தெருவுக்கே கேட்கிற மாதிரி. "தினமும் ஒண்ணு கேப்பியே. அதைக் கேளுய்யா இப்ப."