ரெக்கார்டரை அணைத்த பிறகு

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகிற பஸ்ஸில், காவிரிப் பாலத்தின் மேல், அரைத் தூக்கத்தில் கிடைத்தது. பக்கத்து சீட்டில் ஒரு பெண் இயர்போனில் ஏதோ பேட்டியைக் கேட்பதும் நிறுத்துவதும் எழுதுவதுமாக இருந்தாள். கமலினி என்று பேர் வைத்தேன். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

'சமூகவியல் ஆராய்ச்சி மாணவி கமலினி, தனது முதல் பேட்டிக்காக உறையூரில் ஒரு வீட்டுக்கு...'

சீச்சீ, அறிக்கை மாதிரி இருக்கிறது. மறுபடி.

மத்தியானம். ஃபேன் சுற்றுகிறது, தெருவே கண்ணயர்ந்து கிடக்கிறது. பேட்டி தர வேண்டியவள் மருமகள் ரஞ்சனி.

"உங்க நாள் எப்படிப் போகுது, சொல்லுங்க."

"அவளுக்கென்னம்மா, ராணி மாதிரி இருக்கா," என்கிறார் மாமியார் வேலம்மாள். அடுத்த கேள்விக்கும் அவரே பதில் சொல்கிறார். (பதில் வராவிட்டால் பேசாமல் காத்திருக்கணும் என்று கமலினிக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் மாமியார் இருந்தால் என்ன செய்வது என்று சொல்லவில்லை, பாவம்.)

[வேலம்மாளைக் கொஞ்சம் கொடுமைக்காரி ஆக்கலாமா என்று பார்த்தேன். மனசு வரவில்லை. வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் மறுபடி காபி கொடுத்தது அவர்தான்.]

3

ரெக்கார்டரை அணைத்தாயிற்று. ரஞ்சனி பஸ் ஸ்டாப் வரை கூட வருகிறாள். வெயில் மங்கி, நடப்பதே மிதப்பது போல இருக்கிறது. அப்போதுதான் வாய் திறக்கிறாள்.

"ஓசூர் கம்பெனில வேலை கிடைச்சிருக்குங்க. திங்கக்கிழமை சேரணும். வீட்ல சொன்னா விடமாட்டாங்க. சொல்லாமத்தான் கிளம்பணும்."

அடடா, இதுவல்லவா பேட்டி! கமலினிக்குப் புல்லரித்தது. உடனே தன் மேலேயே கோபமும் வந்தது.

"இதை நான் எழுதலாமாங்க?"

ரஞ்சனி யோசித்தாள். "நான் பஸ் ஏறிட்டேன்னா எழுதுங்க. ஏறலைன்னா, உங்ககிட்ட நான் எதுவுமே சொல்லல."

4

முடிவு அ: ஓசூரிலிருந்து போன் வந்தது. "கமலினி, நான்தாங்க..."

முடிவு ஆ: திங்கட்கிழமையும் போயிற்று, ரஞ்சனி வாசலில் கோலம்—

இந்த முடிவை எழுத எனக்கு உரிமை இல்லை. ரஞ்சனி போட்ட நிபந்தனை எனக்கும்தான்: அவள் பஸ் ஏறவில்லை என்றால் மூன்றாம் பகுதியே இருக்கக்கூடாது. ஆனால் இருக்கிறது, நீங்களும் படித்துவிட்டீர்கள். அப்படியானால் அவள் போய்விட்டாள்.

அதாவது, நான் வாக்குத் தவறாதவன் என்றால். கதை எழுதுகிறவன் பேச்சை எவ்வளவு தூரம் நம்புவது என்று எனக்கே தெரியவில்லை.

நீங்கள் நம்புகிறீர்களா? யோசித்துச் சொல்லுங்கள். ரஞ்சனி ஓசூர் போய்ச் சேர்வது இனி அதில்தான் இருக்கிறது.