முதலில் பிழைத்த வரி

சுதர்ஷினியின் கழுத்திலிருந்து தைரொயிட் கட்டியை எடுத்து ஆறு வாரமாகியிருந்தது. காயம் ஆறிவிட்டது. குரல்தான் திரும்பவில்லை. வாயைத் திறந்தால் காற்று வந்தது. பக்கத்தில் வந்து காதைக் கொடுத்தால் அந்தக் காற்றுக்குள் சொற்கள் இருப்பது தெரியும். குரல்நாணுக்குப் போகும் நரம்பு களைத்துப் போயிருக்கிறது, இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு சிலருக்கு இப்படி ஆவதுண்டு, பயிற்சி செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அவள் ஹல்துமுல்லைக்குக் கீழே ஒரு தோட்டப் பாடசாலையில் கணித ஆசிரியை. பெரும்பாலும் என்றால் நூற்றுக்கு எத்தனை என்று கேட்க நினைத்தாள். கேட்டால் அவருக்குக் கேட்காது என்று விட்டுவிட்டாள்.

கணவன் துஷாந்த் பெரகல சந்தியில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறவன். அவள் குரல் போனதிலிருந்து அவளுக்கும் சேர்த்து அவனே பேசினான். கடையில், பஸ்ஸில், அவளுடைய அதிபரிடம் தொலைபேசியில். அன்பாகத்தான் செய்தான். ஆனால் ஒருநாள் மருந்துக் கடைக்காரர் அவளைப் பார்த்து, "இப்ப வலி இருக்கா மிஸ்?" என்று கேட்க, "இல்லைங்க, வலியெல்லாம் இல்ல" என்று துஷாந்த் பதில் சொன்னான். வலி இருந்தது. அன்று வீட்டுக்கு வரும்வரை அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு வாரத்துக்கொரு செவ்வாய்க்கிழமை பதுளைக்குப் போய் வந்தாள். அங்கே பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் அஸ்னா. முப்பது வயதிருக்கும், அவசரமே இல்லாத பெண். மூன்றாவது முறை போனபோது அஸ்னா தன் மடிக்கணினியில் ஒரு மைக்கைச் செருகி அவள் முன் வைத்தார்.

"ஆ சொல்லுங்க டீச்சர். காதால கேக்க வேணாம். திரையப் பாருங்க."

சுதர்ஷினி சொன்னாள். அவள் காதில் எதுவும் விழவில்லை. ஆனால் கறுத்த திரையின் அடியில் ஒரு பச்சைக் கோடு மெல்ல எழும்பி, நடுங்கி, விழுந்தது. அவள் மறுபடி சொன்னாள். கோடு மறுபடி எழும்பியது. இத்தனை நாளும் இல்லை என்று நினைத்திருந்த ஒன்று அங்கே ஓடிக்கொண்டிருந்தது. கைக்குட்டையைத் தேடினாள்.

"இந்தக் கோடு விழாம பத்து செக்கன் புடிக்கணும். ஒரு நாளைக்கு நாப்பது தடவ. வீட்டுல கம்ப்யூட்டர் இரிக்கா?" என்று கேட்ட அஸ்னா, அந்தக் கோட்டைக் காட்டும் நிரலை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். "எனக்கு இத எப்படிப் போடுறண்டு தெரியாது. இங்க ஒருத்தர் போட்டுத் தந்தாரு, அவரு மாறிப் போய்ட்டாரு. உள்ள ஒரு குறிப்பு இரிக்கு, பாருங்க."

பாடசாலை தொடங்க ஐந்து வாரம் இருந்தது.

மறுநாள் காலை துஷாந்த் சந்திக்குப் போனதும் அவள் தன் பழைய மடிக்கணினியைத் திறந்தாள். அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் இருந்தது. பதுளையில் கணினி திருத்தும் நப்ரீஸ் இரண்டு வருடத்துக்கு முன் போட்டுக் கொடுத்தது. வீட்டுக்குள் சிக்னல் வராது. தொலைபேசியை ஜன்னல் கம்பியில் சாய்த்துவைத்து, அதிலிருந்து இணையத்தை எடுத்தாள். குறிப்பில் இருந்தபடி, கணினியிலேயே இருக்கும் மைக்கின் ஒலியை, அந்த நிரல் எழுதப்பட்ட பைத்தன் மொழிக்குக் கொண்டுவரும் பைஆடியோ என்ற துணைப் பொதியை நிறுவச் சொல்லிக் கட்டளை கொடுத்தாள். கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு திரை முழுக்கப் பிழைச் செய்தி கொட்டியது. கடைசி வரி, பொதியைக் கட்டமுடியவில்லை என்றது.

அந்தக் கடைசி வரியை இணையத்தில் தேடினாள். ஆளுக்கொரு மருந்து சொல்லியிருந்தார்கள். பைத்தனை அழித்துவிட்டு மறுபடி போடு என்றார் ஒருவர். வேறு பதிப்புக்கு மாறு என்றார் இன்னொருவர். மத்தியானம்வரை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அதே கடைசி வரி.

சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தபோதுதான் அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. விடை பிழைத்தால் விடையையே முறைத்துப் பார்க்காதே, எந்த வரியில் முதலில் பிழைத்தது என்று மேலே போய்ப் பார் என்று ஒன்பதாம் தரத்துக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாள். இடது கையால் திரையை மேலே தள்ளிக்கொண்டே போனாள். நடுவில், யாரும் கவனிக்காத இடத்தில் அது இருந்தது: portaudio.h என்ற கோப்பு இல்லை.

அது என்னவென்று வாசித்தாள். பைஆடியோ தானாக மைக்கோடு பேசுவதில்லை. போர்ட்ஆடியோ என்ற இன்னொரு நிரலகம்தான் அந்த வேலையைச் செய்கிறது. அந்த நிரலகத்துக்குள் என்னென்ன இருக்கிறது, எப்படிக் கூப்பிடவேண்டும் என்று எழுதிவைத்த சின்னக் கோப்புதான் இது. தலைப்புக் கோப்பு என்பார்கள். அது இல்லாமல் பொதியைக் கட்ட முடியாது.

ஒரு கோப்புதானே என்று அதை மட்டும் எங்கிருந்தோ இறக்கி உள்ளே வைத்தாள். பிழை மாறியது. இப்போது நிரலகத்தையே காணவில்லை என்றது. தப்புச் செய்தாலும் அவளுக்கு அது பிடித்திருந்தது. பிழை மாறினால் ஒரு அடி நகர்ந்திருக்கிறோம் என்று அர்த்தம். இறக்கியதை அழித்துவிட்டு, நிரலகத்தையும் தலைப்புக் கோப்பையும் சேர்த்துத் தருகிற portaudio19-dev என்ற பொதியை நிறுவச் சொன்னாள்.

அப்படி ஒரு பொதியே இல்லை என்றது கணினி.

துஷாந்த் சாயங்காலம் வந்தபோது அவள் நப்ரீஸின் கடைக்கு அழைத்துக்கொண்டிருந்தாள்.

"ஹலோ? யாரு பேசுற? ஹலோ? சத்தமே வரல்ல." தொடர்பு அறுந்தது.

துஷாந்த் கையை நீட்டினான். "குடு, நான் பேசுறேன்."

அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். அவன் கை அப்படியே நின்றது.

"நாந்தானே எப்பவும் பேசுறேன், சுதா."

அவள் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவன் காதருகே சொன்னாள். "அதான். மருந்துக் கடையில வலி இல்லேன்னு சொன்னீங்க. எனக்கு வலிச்சிச்சு. என்கிட்ட நீங்க கேக்கல."

அவன் சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தான், திரும்பப் போட்டான். "எனக்குத் தெரியல" என்றான். பிறகு எழுந்துபோய்த் தேத்தண்ணி வைத்தான்.

அவள் நப்ரீஸுக்கு எழுதினாள். தான் யார், என்ன செய்தாள், என்ன பிழை வந்தது எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, திரையைப் படமெடுத்தும் அனுப்பினாள். பத்து நிமிடத்தில் அவன் குரல் பதிவு வந்தது.

"டீச்சர், நீங்கதானா. நான் யாரோண்டு ஃபோன வெச்சிட்டேன், மன்னிச்சிக்கோங்க. நீங்க செஞ்சதெல்லாம் சரி. பிழை என்ட பக்கம். நான் போட்டுத்தந்த பதிப்புக்குக் காலம் முடிஞ்சி. அந்தப் பொதியெல்லாம் இப்ப பழைய பதிப்புகள வெக்கிற எடத்துக்கு மாத்திட்டாங்க. உங்கட மெஷின் இன்னும் பழைய விலாசத்துலதான் தேடுது. விலாசத்த மாத்தணும், அவ்வளவுதான். ஒரு வரி அனுப்புறேன். பதுளைக்கு வரக்குள்ள கொண்டு வாங்க, புதுசு போட்டுத்தாரேன்."

அனுப்பிய வரியை அவள் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துத் தட்டினாள். பொதிகளின் பட்டியல் புதிதாக வந்தது. பொதியைக் கேட்டாள், இந்த முறை இருந்தது. மழை பிடித்துக்கொண்டதால் சிக்னல் வந்து வந்து போனது. துஷாந்த் தொலைபேசியை எடுத்துக் கையில் உயர்த்திப் பிடித்தபடி ஜன்னலோரம் நின்றான். இருபது நிமிடம் அப்படியே நின்றான். பிறகு அவள் பைஆடியோவை மறுபடி கேட்டாள். ஓடியது, நின்றது, நிறுவியாயிற்று என்று ஒரே ஒரு வரி வந்தது.

அஸ்னா கொடுத்த நிரலை ஓடவிட்டாள். கறுத்த திரை திறந்தது. "வந்திருச்சா?" என்று துஷாந்த் கேட்டதும் பச்சைக் கோடு திரையின் உச்சிவரை எகிறிவிட்டது. அவன் வாயைப் பொத்திக்கொண்டான். அவள் சிரித்தாள், அதற்கும் கோடு கொஞ்சம் அசைந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் நாற்பது தடவை. முதல் வாரம் மூன்று விநாடிக்கு மேல் கோடு நிற்கவில்லை. இரண்டாம் வாரம் ஐந்து. ஒருநாள் நான்குக்கு இறங்கியது. அன்று மடிக்கணினியை மூடிவிட்டுக் கொல்லையில் போய் நின்றாள். துஷாந்த் பயிற்சி நேரத்தில் ரேடியோவை அணைத்துவிட்டு வெளியே இருந்தான். கடைக்குப் போனால் அவள் வாயைத் திறக்கும்வரை காத்திருந்தான். கடைக்காரர் குழம்பினால்கூடக் குறுக்கே பேசவில்லை. அது அவனுக்குக் கஷ்டமாக இருந்தது என்பது அவளுக்குத் தெரிந்தது.

அடுத்த முறை போனபோது அஸ்னா கேட்டார். "நீங்க எப்படிப் போட்டீங்கண்டு எழுதித் தாங்களேன் டீச்சர். வேற ஆக்களுக்கும் இதே பிரச்சின." அவள் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தாள்.

பாடசாலை தொடங்குவதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, காத்திருப்பவர்களுக்கான நீண்ட மர வாங்கில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். அவர் கையில் அவள் எழுதிய அந்தத் தாளின் பிரதி இருந்தது. பெயர் மாடசாமி. பசறை வழியில் ஓடும் தனியார் பஸ்ஸில் நடத்துநர். தொண்டையில் வளர்ந்த சதையை எடுத்திருந்தார்கள். மகள் லினக்ஸ் போட்டிருந்த தன் பழைய கணினியைக் கொடுத்திருந்தாள்.

"அஸ்னா மிஸ் சொன்னாங்க. இது நீங்க எழுதினதாங்க?" அவர் குரல் உமியைத் தேய்த்தாற்போல இருந்தது. "எழுதினபடியே செஞ்சேங்க டீச்சரம்மா. ஒன்னும் விடல. வரமாட்டேங்குது."

அவள் முகம் சூடானது. மடிக்கணினியை வாங்கிப் பிழையை மேலே தள்ளிப் பார்த்தாள். portaudio.h பற்றி ஒன்றுமே இல்லை. Python.h இல்லை என்றது. பைத்தனுக்கே ஒரு தலைப்புக் கோப்பு உண்டு. அவளுடைய கணினியில் அது ஏற்கெனவே இருந்ததால் அவள் அதை எழுதவே இல்லை.

"நீங்க சரியாத்தான் செஞ்சிருக்கீங்க. நாந்தான் ஒன்ன விட்டுட்டேன்" என்றாள்.

"என்னங்க?"

அவள் மூச்சை இழுத்து, திரையில் பச்சைக் கோடு விழாமல் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு மறுபடி சொன்னாள். இந்த முறை எதிர் வாங்கில் இருந்த பெண்ணும் நிமிர்ந்து பார்த்தாள்.

தன் தொலைபேசியிலிருந்து இணையத்தைக் கொடுத்து அந்தக் கோப்பைத் தருகிற python3-dev என்ற பொதியை நிறுவினார்கள். பிறகு பைஆடியோ. ஒவ்வொரு படியையும் அவரையே தட்டவைத்தாள். தடித்த விரல்களால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். பேச்சு இரண்டு பேருக்கும் மெதுவாகத்தான் வந்தது. ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்தார். திரை திறந்ததும் அவர் அவளைப் பார்த்தார்.

"என்னாங்க சொல்லணும்?"

"ஆன்னு சொன்னா போதும். இல்லாட்டி உங்களுக்குப் புடிச்சத."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு மைக்குப் பக்கத்தில் குனிந்து, பசறை வழி பஸ் தரிப்பிடங்களின் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லத் தொடங்கினார். கோடு ஒவ்வொரு பெயருக்கும் எழும்பி விழுந்தது. சுதர்ஷினி அந்தத் தாளை வாங்கி, இரண்டாவது படிக்கு மேலே விடுபட்ட வரியைப் பேனாவால் எழுதினாள்.