மாப்பிள்ளை பிழை என்று சொன்னது

ரூத்துக்குப் பயம் வந்தால் வயிறு வலிக்கும். மற்றவர்களுக்கு நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். இவளுக்கு எல்லாமே வயிற்றில்தான். பரீட்சைக்கு வலித்தது, கல்யாணத்துக்கு வலித்தது, தங்கை ஜாய்ஸின் பிரசவத்தின்போது பெற்றவளைவிட இவளுக்குத்தான் அதிகம் வலித்தது என்று குடும்பத்தில் இன்றைக்கும் கேலி உண்டு. விஜயதசமி அன்று மதியம், படூர் அலுவலகத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த வலி வந்தது.

அலுவலகம் என்றால் ஓர் அடுக்குமாடியின் மூன்றாம் தளம், அவ்வளவுதான். செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிகளின் நீர்மட்டம், கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் கடல் ஏறி இறங்கும் அளவு, மழைமானிகளின் கணக்கு, செயற்கைக்கோள் படங்கள் எல்லாம் அங்கே வந்து சேரும். வந்ததைச் சலித்து, நல்லதை வைத்துக்கொண்டு, கெட்டதைத் தள்ளி, தேவைப்பட்டால் ஏரிக்குக் கீழே குடியிருப்பவர்களின் ஃபோனுக்கு எச்சரிக்கை அனுப்புவது அவர்கள் வேலை. போன வருஷம் வரை மனிதர்கள் சலித்தார்கள். இந்த ஆவணியிலிருந்து செயற்கை அறிவு சலிக்கிறது. அதற்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் உண்டு. அலுவலகத்தில் எல்லோரும் அதை மாப்பிள்ளை என்றார்கள். புதிதாக வந்திருக்கிறது, ஏகப்பட்ட செலவு, எந்நேரமும் ஏசி வேண்டும், அது ஒன்று சொல்லிவிட்டால் யாரும் மறுபேச்சு பேசக் கூடாது. வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

மாப்பிள்ளை வந்து சேர்ந்ததற்குக் காரணம் ஒரு பூமாலை. சிரிக்க வேண்டாம், உண்மையாகவே பூமாலைதான்.

கருங்குழி தாண்டி ஓர் ஏரி இருக்கிறது. பெயர் சொன்னால் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், பெரிய ஏரி என்றே வைத்துக்கொள்வோம். அதன் மதகுப் பக்கம் இரும்புக் கம்பத்திலிருந்து ஒரு கருவி தண்ணீருக்கு மேலாக நீட்டிக்கொண்டிருக்கும். கீழே ஓர் அலையை அனுப்பி, அது பட்டுத் திரும்புகிற நேரத்தை வைத்து நீர்மட்டத்தைக் கணக்கிடும். அதைத் துடைத்துப் பார்த்துக்கொள்பவர் எல்லப்பன். ஆயுத பூஜைக்கு ஊரில் லாரிக்கு மாலை, தையல் மிஷினுக்கு மாலை, பஞ்சர் கடைப் பம்புக்கும் மாலை என்று இருக்கும்போது, தனக்குச் சோறு போடுகிற கருவியை மட்டும் அவர் மொட்டையாக விடுவாரா? சந்தனம், குங்குமம், தடிமனாக ஒரு சாமந்தி மாலை. பூஜை போட்ட மாலையை யாரும் மறுநாளே கழற்றி எறிய மாட்டார்கள், காய்ந்து தானாக உதிரும் வரை கிடக்கும். மழை பெய்தால் அது நனைந்து, கனத்து, சரிந்து, கருவிக்கு நேர் கீழே தொங்கும். கருவிக்கு மாலை எது, தண்ணீர் எது என்று தெரியாது. ஏரி திடீரென்று ஒன்றரை அடி ஏறிவிட்டதாகச் செய்தி வரும்.

மற்ற வருஷங்களில் அதைக் கண்டுபிடித்து 'பிழை' என்று குறித்துத் தள்ளிவிடுவார்கள். போன வருஷம் மட்டும் நம்பிவிட்டார்கள். எச்சரிக்கை போனது. ஏரிக்குக் கீழே இருக்கிற காலனி மொத்தமும் கொட்டுகிற மழையில் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஈரத் துணியோடு உட்கார்ந்தது. தண்ணீர் வரவில்லை. திரும்பிப் போனபோது செங்கம்மாளின் ஆடுகளில் இரண்டைக் காணோம். அன்றிலிருந்து காலனியில் யாராவது புளுகினால், 'இதுவும் ஏரி மெசேஜா' என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

அந்தக் காலனியில்தான் ரூத் பிறந்தாள். ஜாய்ஸ் இன்னும் அங்கேதான் இருக்கிறாள், கைக்குழந்தையோடு. அவள் கணவன் ஸ்டான்லிக்கு மறைமலைநகரில் ஷிப்ட் வேலை, அன்று பகல் ஷிப்ட்.

பழைய வருஷத்துக் கணக்கையெல்லாம் மாப்பிள்ளைக்கு ஊட்டி வளர்த்தவன் ரூத்தோடு வேலை பார்க்கும் ஜெயகிருஷ்ணன். அதே ஏரி, அதே பருவம், அதே தாவல், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'பிழை'. மாப்பிள்ளை நல்ல மாணவன். சொல்லிக் கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டது.

அன்று மதியம் பெரிய ஏரி ஒன்றரை அடி தாவியது. மாப்பிள்ளை கொஞ்சமும் தயங்கவில்லை. 'பிழை. உறுதி, நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. எச்சரிக்கை நிறுத்திவைக்கப்பட்டது' என்று திரையில் எழுதியது.

"மாலைதான்," என்றான் ஜெயகிருஷ்ணன். முந்தின நாள் பூஜைப் பொரிகடலையைக் கொறித்துக்கொண்டிருந்தான். "பூஜைக்கு மறுநாள், மழை, ஒன்றரை அடி. போன வருஷம் பாத்த அதே படம்."

"இந்த வருஷம் போட வேணாம்னு எல்லப்பண்ணன்கிட்ட நான் சொல்லியிருக்கேன்."

"சொன்னா கேட்டிருப்பாரா?"

அங்கேதான் சிக்கல். ரூத்துக்குத் தெரியாது. சாமிக்குப் போடுகிற மாலையை நிறுத்துங்கள் என்று ஒரு வேதக்காரப் பெண் போய், தன்னைவிடப் பெரியவரிடம் எப்படி அதட்டிச் சொல்வது? 'அண்ணா, மாலை கருவிய மறைக்குது, இந்த வாட்டி கொஞ்சம் பாத்துக்கோங்க' என்று மென்று விழுங்கித்தான் சொல்லியிருந்தாள். அவர் 'சரிம்மா' என்றார். நம் ஊரில் 'சரிம்மா' என்றால் ஆகட்டும் என்றும் இருக்கும், சொல்லிட்டே இல்ல, கிளம்பு என்றும் இருக்கும். திரும்பக் கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று வந்துவிட்டாள்.

இப்போது அவருக்கு ஃபோன் போட்டாள். அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது என்றது. மதகில் இருந்த கேமராவில் மழைத்துளி படர்ந்து, சாம்பல் நிறம் தவிர வேறொன்றும் தெரியவில்லை. செயற்கைக்கோளுக்கும் மேகம் மறைத்துவிட்டது. ஏரி நிஜமாகவே இப்படித் தாவ வேண்டுமென்றால் மேலே இருக்கிற சித்தேரியின் கரை உடைந்திருக்க வேண்டும். சித்தேரியில் கருவி கிடையாது. திரையில் நீர்மட்டக் கோடு ஒரேயடியாக எழும்பி, பிறகு ஆடாமல் அசையாமல் நேராக ஓடிக்கொண்டிருந்தது.

"மாலை தொங்கினா இப்படித்தான் ஆடாம நிக்கும்," என்றான் ஜெயகிருஷ்ணன்.

"ஏரி ரொம்பி, மிச்சத் தண்ணி போற கலங்கல்ல வழிஞ்சாலும் இப்படித்தான் நிக்கும்."

"அதுவும் சரிதான்," என்று அவன் பொரியைக் கீழே வைத்தான். இருவர் வாதமும் சரியாக இருந்ததுதான் கொடுமை.

மாப்பிள்ளை நிறுத்திவைத்ததை மனிதர் கையால் அனுப்பலாம். அதற்கு ஒரு பட்டன் இருந்தது. ஆனால் சோதனைக் காலம் முடியும் வரை இயக்குநர் ராகவனின் சம்மதம் இல்லாமல் யாரும் அதைத் தொடக் கூடாது. அவர் மாமல்லபுரத்தில், கடற்கரை ஓட்டல் ஒன்றில், டெல்லியிலிருந்து வந்த விருந்தாளிகளுக்கு மாப்பிள்ளையின் பெருமையை விளக்கிக்கொண்டிருந்தார். ஃபோன் அடித்து அடித்து ஓய்ந்தது. அவசரம் என்று செய்தி அனுப்பினாள். அதைப் பார்த்ததாகவே தெரியவில்லை.

சம்மதம் இல்லாமலே அமுக்கிவிடலாமா என்று நினைத்தாள். விரலைக்கூடக் கொண்டுபோனாள். மாலையாக இருந்தால்? இன்னொரு முறை அத்தனை பேரும் மழையில் நனைந்துகொண்டு ஓடுவார்கள், இன்னும் நாலு ஆடு போகும், அதற்குப் பிறகு நிஜமாகவே ஏரி உடைந்தாலும் ஒருவரும் வீட்டைவிட்டு அசைய மாட்டார்கள். தண்ணீராக இருந்தால்? அதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடைபாதைக்குப் போய் ஜாய்ஸைக் கூப்பிட்டாள்.

"ஜாய்ஸ், இன்னா பண்றே?"

"கொயந்தைக்குப் பால் குடுத்துகினு கீறேன். இன்னாக்கா இந்நேரத்துல?"

"அங்க தண்ணி எதுனா வந்துகினு கீதா?"

"மழைத் தண்ணிதான். வாசல்ல நிக்குது."

"ஒரு பையில துணிமணி எடுத்துகினு மேட்டு சர்ச்சுக்குப் போயிடு. இப்பவே போ."

"மெசேஜ் ஒண்ணும் வர்லியே."

"வராது. நீ கெளம்பு."

குழந்தை சப்பிக் குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"எல்லாருக்குமா, எனக்கு மட்டுமா?"

"இப்போதிக்கு உனக்கு. உறுதியா தெரியல ஜாய்ஸ். தெரிஞ்சதும் எல்லாருக்கும் அனுப்பிடுவேன்."

"சரிக்கா," என்று ஜாய்ஸ் வைத்துவிட்டாள்.

ரூத்துக்கு வயிற்றுவலி நின்றுவிட்டது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். இருக்கைக்குத் திரும்பி வந்து தண்ணீர் குடித்தாள். ராகவனுக்கு மறுபடி ஒரு செய்தி, இந்த முறை 'தயவுசெய்து' சேர்த்து. சற்று முன் விதியாவது மண்ணாங்கட்டியாவது என்று பட்டன் வரைக்கும் போன விரல், இப்போது சம்மதத்துக்காக மரியாதையாகக் காத்திருந்தது. தன் பிள்ளை பத்திரம் என்று தெரிந்துவிட்டால் யாருக்குமே பொறுமை வந்துவிடும். அதைப் போலக் கெட்ட நிம்மதி உலகத்தில் வேறு கிடையாது.

காலனியில் நடந்தது அவளுக்கு அப்போது தெரியாது. அங்கே இரண்டு தெரு, முன்தெருவும் பின்தெருவும். ஜாய்ஸின் வீடு முன்தெருவில் முதல் வீடு. குழந்தையைத் துண்டால் சுற்றி, தோளில் பையும் கையில் குடையுமாக அவள் இறங்கியதை எதிர்வீட்டுச் செங்கம்மாள் பார்த்துவிட்டாள்.

"எங்க கெளம்பிட்டே பச்சப்புள்ளைய தூக்கினு?"

"சும்மா, சர்ச்சுக்கு."

"இன்னிக்கு இன்னா ஞாயித்துக்கெயமையா?"

ஜாய்ஸ் குடையை விரித்துக்கொண்டு நடந்தாள். அவளுக்குப் பொய் வராது, உண்மையைச் சொல்ல உரிமையும் இல்லை என்று நினைத்தாள். செங்கம்மாளுக்குப் பதில் தேவைப்படவும் இல்லை. ஜாய்ஸின் அக்கா எங்கே வேலை பார்க்கிறாள் என்று தெருவுக்கே தெரியும். செங்கம்மாள் ஆடுகளை அவிழ்த்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். போன வருஷம் ஆடு பறிகொடுத்தவளே ஆட்டை ஓட்டிக்கொண்டு போகிறாள் என்றால் அதற்கு மேல் விசாரிக்க என்ன இருக்கிறது? முன்தெரு முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு மேட்டுக்குக் கிளம்பியது. ஃபோனில் வந்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். ஜாய்ஸின் தோளில் இருந்த பையை நம்பினார்கள்.

படூரில் ஃபோன் அடித்தது. ராகவன் இல்லை. தெரியாத எண், பழகிய குரல்.

"யம்மா, நான் எல்லப்பன். என் போன் நனைஞ்சு பூட்ச்சு, வேற ஒருத்தர் போன்லருந்து பேசறேன். சித்தேரி கரை புட்டுகிச்சும்மா. பெரிய ஏரி கலங்கல்ல தண்ணி பாஞ்சுகினு போவுது. காலனிப் பக்கந்தான் எறங்குது."

"அண்ணா, மாலை?"

"இன்னா மாலை?"

"கருவில மாலை போட்டிருக்கீங்களா?"

"நீதானம்மா வேணாம்னே. வூட்லயே சாமி படத்துக்குப் போட்டுட்டேன். கம்பத்துல ஒரு பூ கூட கெடையாது. ஏம்மா, மெசேஜ் இன்னும் அனுப்பலியா?"

ரூத் யார் சம்மதத்துக்கும் நிற்கவில்லை. பட்டனை அமுக்கினாள். ஜெயகிருஷ்ணன் தடுக்கவில்லை, தடுக்கிற நிலையில் அவனும் இல்லை. எச்சரிக்கை போய்ச் சேர்ந்தபோது காலனிக்குள் தண்ணீர் நுழைந்திருந்தது. மாப்பிள்ளை அப்போதும் திரையில் 'பிழை' என்றே வைத்திருந்தது.

மறுநாள் மழை விட்டிருந்தது. ரூத் மேட்டு சர்ச்சுக்குப் போனாள். வழியில் ராகவன் பேசினார். நல்ல மனிதர், குரலில் கோபம் இல்லை. "நீ அமுக்கினது சரிதாம்மா. நான்தான் ஃபோனை பாக்கல. இந்தத் தாவலை நிஜம்னு குறிச்சுக் குடுத்துட்டா மாப்பிள்ளை அடுத்த வருஷம் தப்பு பண்ணாது," என்றார். அவள் சரி சார் என்றாள்.

சர்ச்சில் முன்தெரு மொத்தமும் இருந்தது, ஆடுகள் உட்பட. பின்தெருக்காரர்களைக் கூரை மேலிருந்தும் பக்கத்து மாடிகளிலிருந்தும் இறக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். கோவளத்துப் படகுகள் இரண்டை லாரியில் ஏற்றிவந்துதான் அவர்களை மீட்க முடிந்தது. ஷேர் ஆட்டோ ஓட்டுகிற தாவீது மட்டும் வரவில்லை. மனைவியையும் பிள்ளைகளையும் மாடியில் ஏற்றிவிட்டு, வண்டியை மேடேற்றலாம் என்று இறங்கியிருக்கிறான். விடிந்த பிறகு சிறுபாலத்துக்கு அடியிலிருந்து எடுத்தார்கள். அவன் மனைவி ஒரு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகளுக்கு யாரோ பிஸ்கட் கொடுத்திருந்தார்கள்.

செங்கம்மாள் எழுந்து வந்து ரூத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "உன் தங்கச்சி மட்டும் கெளம்பலன்னா நாங்கல்லாம் இன்னா ஆயிருப்போம். நீ நல்லா இருப்பேம்மா," என்றாள். பக்கத்தில் இருந்தவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ரூத் கைகளை உருவிக்கொண்டு ஜாய்ஸைத் தேடிப் போனாள்.

ஜாய்ஸ் பின்வாசல் படியில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. ரூத் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜாய்ஸ் நகர்ந்து இடம் கொடுத்தாள், ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை.

"பின்தெருவுலருந்து பாத்தா என் வூட்டு வாசல் தெரியாதுக்கா," என்றாள் கடைசியில்.

"தெரியும் ஜாய்ஸ்."

"போறப்போ அங்கயும் ஒரு நடை போயி சொல்லிட்டு வர்லாம்னுதான் நெனச்சேன். தாவீது அண்ணன் வூட்லதான் இருந்துச்சு, தெரு முக்குல ஆட்டோ கூட நிக்கிறது தெரிஞ்சுது. அப்பறம், நீ எல்லாருக்கும் அனுப்புறேன்னு சொன்னியே, அதுக்குள்ள அனுப்பியிருப்பேன்னு நெனச்சுகினு நேரா வந்துட்டேன்."